வள்ளத்தில் ஏறிய லாரிச் சக்கரம்

திரேஸ்புரம் கடற்கரையில் அன்று காலை சிரிக்காமல் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி சலேத்மேரி. இன்னொருவன் நான்.

நான் சிரிக்கும் நிலையில் இல்லை. ரிம்மோடு, முழுக் காற்றோடு இருந்த ஒரு லாரி ஸ்டெப்னியை மணலில் உருட்டிக்கொண்டு போனேன். தார் ரோட்டில் லாரிச் சக்கரத்தை ஒரு விரலால் தள்ளலாம். மணலில் தள்ளிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும், அது எப்பேர்ப்பட்ட பிடிவாதக் கழுதை என்று. வேட்டியை மடித்துக் கட்டி, வியர்வை கண்ணில் இறங்க, நான் தள்ளத் தள்ள அது பாதி புதைந்து நின்றது.

மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "அண்ணாச்சி, லாரி பின்னால வருதா?" என்றாள் ஒருத்தி. "கடலுக்குள்ள பஞ்சர் ஆயிட்டோ?" என்றாள் இன்னொருத்தி. வலை பிரித்துக்கொண்டிருந்த ஆண்கள் அதற்கு மேல் போனார்கள். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

வள்ளத்தில் உட்கார்ந்திருந்த கஸ்பார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். சங்கு குளிப்பவன். சலேத்தின் புருசன். "மானத்த வாங்குதீங்களே அண்ணாச்சி. எங்க அப்பன் கல்லக் கட்டிக்கிட்டு இறங்குனவரு. நான் டயரோட போறேன்னா நாளைக்கு எவன் என்ன மதிப்பான்?"

கரையில் நின்ற சலேத் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். அந்தக் கைக்குள் இருந்தது, கஸ்பார் கடலுக்கடியில் வாயில் கவ்விக்கொள்ளும் ரப்பர் துண்டு. அது இல்லாமல் அவனால் ஒரு சங்குகூட எடுக்க முடியாது.

"சக்கரம் வள்ளத்துல ஏறுனாத்தான் இது வரும். இல்லன்னா இன்னைக்கு வீட்டுல கெடங்க" என்றாள்.

சக்கரம் ஏறியது.

காற்று வியாபாரம்

போன வாரம் நான் லாரி பிரேக்கைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "காற்று, காற்று என்று இவ்வளவு பாடுகிறீர்களே, அது ஒரு மனிதனின் உயிரைக் காப்பாற்றியதைக் கண்ணால் கண்டதுண்டா?" கண்டிருக்கிறேன் ஐயா. அதைச் சொல்லத்தான் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: முத்தையாபுரத்தில் துறைமுகம் போகிற சாலையில் எனக்கு ஒரு கம்ப்ரசர் பட்டறை இருக்கிறது. நாங்கள் பனங்காட்டுப் பக்கத்துக் குடும்பம். எங்கள் ஆட்களில் கருப்பட்டி விற்றவர் உண்டு, மளிகை வைத்தவர் உண்டு, பாத்திரக்கடை போட்டவர் உண்டு. நான் காற்றை நம்பி வந்தேன். "ஏலே, ஊரெல்லாம் சும்மா கெடக்குதத எவம்ல தேடி வருவான்?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான்.

சும்மா கிடக்கிற காற்று வேலை செய்யாது. அதைப் பிடித்து ஒரு தொட்டிக்குள் அமுக்கி அடைத்துப் பாருங்கள், பிறகு அது செய்யாத வேலை இல்லை. நம் வீட்டு சைக்கிள் பம்பிலேயே விஷயம் முழுவதும் இருக்கிறது. வேகமாக அடித்துவிட்டு அடிப்பாகத்தைத் தொட்டால் கை சுடும். அமுக்க அமுக்கக் காற்று சூடாகும். நாம் அதன்மேல் செலவழித்த உழைப்பில் ஒரு பங்கு அந்தச் சூடாகப் போகிறது. அதே காற்றைத் திறந்துவிட்டால் விரிந்து வெளியே பாயும், குளிரும். என் பட்டறைக்கு வருகிற டிரைவர்கள் சித்திரை வெயிலில் காற்றுக் குழாயை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சொக்கி நிற்பார்கள். கண்ணில் தூசி அடித்தால் பார்வை போய்விடும் என்று நான் கத்துவேன். அவர்கள் கேட்டால்தானே!

இன்னொரு விசேஷம், தண்ணீர். எங்கள் ஊர்க் காற்று ஈரம் நிறைந்தது, உப்பு கலந்தது. அதை அமுக்கி ஆறவிட்டால் ஈரமெல்லாம் தண்ணீராகித் தொட்டியின் அடியில் நிற்கும். காலையில் பட்டறையைத் திறந்ததும் என் முதல் வேலை, தொட்டிக்கு அடியிலுள்ள திருகைத் திறந்து அதை வடிப்பது. வடிக்காவிட்டால் உள்ளேயே துருப்பிடித்து ஒருநாள் தொட்டி வெடிக்கும். பல் விளக்காவிட்டாலும் பரவாயில்லை, தொட்டியை வடிக்காமல் நான் காபி குடிப்பதில்லை.

துறைமுகத்தில் நிற்கிற அந்தப் பெரிய கப்பல்கள் இருக்கின்றனவே, அவற்றின் இஞ்சினை எது எழுப்புகிறது என்று நினைக்கிறீர்கள்? பேட்டரி இல்லை. சிலிண்டருக்குள் அமுக்கிய காற்றை விட்டுத்தான் அந்த மலையை அசைக்கிறார்கள். அனல் மின் நிலையத்துச் சாம்பலை மூடிய லாரியில் கொண்டு வந்து, காற்றால் ஊதியே உயரமான இரும்புக் குதிருக்கு ஏற்றுகிறார்கள். மாவு மாதிரி சாம்பல், தண்ணீர் மாதிரி குழாயில் ஓடும். பல் டாக்டர் கையில் கீச்சிடும் கருவிக்குள்ளும் காற்று. இறால் உயிரோடு ஏற்றுமதிக்குப் போகிற தொட்டியில் குமிழி விடுவதும் காற்று. இத்தனை வருடத்தில் எனக்கு இதில் அலுப்புத் தட்டியதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று இத்தனை பாரத்தைத் தூக்குகிறதே என்று இன்றைக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

கரண்ட் போனால் ஸ்டெப்னி

எங்கள் பட்டறைப் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால் கம்ப்ரசர் நின்றுவிடும். அடித்த பெயிண்ட் பாதியில் காய்ந்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். அதனால் முழுக் காற்று அடைத்த லாரிச் சக்கரம் ஒன்று எப்போதும் ஓரமாகச் சாய்ந்திருக்கும். ஒரு துண்டு ஓஸ். அதன் ஒரு முனை டயரின் வால்வைக் கவ்வும். மறுமுனை எந்தக் குழாயிலும் மாட்டும். மாட்டினால் போதும், டயரே தொட்டி. மிச்சப் பெயிண்டை அதை வைத்து அடித்து முடித்துவிடுவோம்.

சலேத் ஒருநாள் என் பட்டறைக்குச் சண்டை போட வந்தாள். அவர்கள் வள்ளத்துக்கு நான் ரிப்பேர் பார்த்துக் கொடுத்த கம்ப்ரசர் மறுபடி சத்தம் போடுகிறதாம். அவள் வந்த நேரம் கரண்ட் இல்லை. ஒரு டேங்கருக்கு ஸ்டெப்னியை வைத்துப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். வந்த சண்டையை மறந்துவிட்டு நின்று பார்த்தாள்.

"அண்ணாச்சி, இதுக்குள்ள எவ்வளவு காத்து இருக்கு?"

"நெறைய இருக்கு தாயி. அமுக்கி வச்சிருக்குல்லா."

"எப்படித் தெரியும்?"

கிளீனர் பையன்கள் செய்வதுபோல இரும்புக் கம்பியால் டயரை ஒரு தட்டுத் தட்டிக் காட்டினேன். டங் என்றது. பக்கத்தில் கிடந்த காற்றிறங்கிய டயரைத் தட்டினேன். தொப் என்றது. "அவ்வளவுதான். மீட்டரே வேண்டாம், காது போதும்" என்றேன்.

அவள் கம்பியை வாங்கித் தானும் தட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இத ஓஸுல மாட்டுனா மனுசன் மூச்சு விடலாமா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

கோலி சோடா

அவள் ஏன் சிரிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

கஸ்பார் இறங்குவது பத்துப் பாகம், அதாவது அறுபது அடி ஆழத்தில். வள்ளத்தின் இஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் கம்ப்ரசரைச் சுற்றும். கம்ப்ரசர் காற்றை ஒரு சின்னத் தொட்டியில் அடைக்கும். அங்கிருந்து நீண்ட ஓஸ் அவன் வாய்க்குப் போகும். காலையில் இறங்கினால் வெகுநேரம் அடியில் நடந்து சங்கு பொறுக்குவான்.

பத்து மீட்டர் தண்ணீருக்குக் கீழே போனாலே, நம் தலைக்கு மேலே உள்ள ஆகாயம் முழுவதின் கனத்தையும் இன்னொரு மடங்கு தூக்கிச் சுமப்பதற்குச் சமம். அந்த அமுக்கத்தில் சுவாசிக்கிற காற்றில் ஒரு பங்கு ரத்தத்திலும் சதையிலும் கரைந்து உட்கார்ந்துகொள்ளும். மெதுவாக மேலே வந்தால் அது மூச்சோடு மூச்சாக வெளியேறிவிடும். சட்டென்று வந்தால்?

கோலி சோடாவை உடைத்துப் பார்த்திருப்பீர்கள். குண்டை அமுக்கின மாத்திரத்தில் பொங்கிக்கொண்டு வரும். உள்ளே அமுக்கம் இருந்தவரை ஒரு குமிழிகூடத் தெரியாது. அதேதான் மனித உடம்புக்குள்ளும் நடக்கும். குமிழி மூட்டில் நின்றால் வலி. முதுகுத்தண்டில் நின்றால் கால் போய்விடும். இது போதாதென்று, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் நெஞ்சுக்குள் இருக்கும் காற்று விரிந்து நுரையீரலையே கிழிக்கும்.

கஸ்பாரோடு சங்கு குளித்த சேக்காளி ஒருவன் அப்படித்தான் பதறி மேலே வந்தான். இப்போது வீட்டு வாசலில் கட்டிலில் கிடக்கிறான். இடுப்புக்குக் கீழே எறும்பு கடித்தாலும் தெரியாது. அவன் வீடு சலேத் வீட்டுக்கு எதிர்வீடு. காலையில் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தக் கட்டில்தான். பிறகு எப்படிச் சிரிப்பாள்?

மச்சான் கையில் கயிறு

எங்கள் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கல்லைக் கட்டி மூச்சடக்கி இறங்குகிறவனின் கயிற்றைப் பொண்டாட்டியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. கூடப்பிறந்தவள் தாலியறுக்க எந்த மச்சானும் சம்மதிக்க மாட்டான் என்பது கணக்கு. முத்து போய்விட்டது. கல் போய்க் கம்ப்ரசர் வந்துவிட்டது. கயிறு மட்டும் இன்றைக்கும் மச்சான் கையில்தான்.

கஸ்பாரின் கயிறு லூர்து கையில் இருந்தது. சலேத்தின் அண்ணன். வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். அவனும் கஸ்பாரும் கயிற்றாலேயே பேசிக்கொள்வார்கள். நீளமாக ஓர் இழுப்பு என்றால் ஏறு. படபடவென்று வெட்டி இழுத்தால் காற்று வரவில்லை. சின்னதாக இரட்டை இழுப்பு என்றால் அசையாதே, இருந்த இடத்திலேயே இரு.

மேலே ஏறும்போது வழியில் நிற்க வேண்டிய நேரத்தை லூர்து கடிகாரத்தில் பார்ப்பதில்லை. வள்ளத்துக்குக் கீழே இரண்டு பாக ஆழத்தில் கஸ்பார் கயிற்றைப் பிடித்துத் தொங்குவான். லூர்து மேலே ஜெபமாலை முழுவதையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லி முடிப்பான். கடைசி மணி உருண்டதும் நீளமாக ஓர் இழுப்பு. கடிகாரம் நின்றாலும் நிற்கும், லூர்துவின் ஜெபமாலை நின்றதில்லை.

வலம்புரி பெல்ட்

அப்படியானால் அன்றைக்கு என்ன பயம்? பெல்ட்தான்.

வள்ளத்துக் கம்ப்ரசரைச் சரிபார்க்கப் போனபோது பெல்ட்டைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் முழுவதும் வெடித்திருந்தது. "ஏலே, இது பெல்ட்டா, கருவாட்டுத் தோலா? மாத்துல" என்றேன். புதுசு என் பையிலேயே இருந்தது.

கஸ்பார் பெல்ட்டின்மேல் கை வைத்து மறைத்துக்கொண்டான். "எத வேணும்னாலும் மாத்துங்க அண்ணாச்சி. இதத் தொடாதீங்க. இதப் போட்ட அன்னைக்குத்தான் எனக்கு வலம்புரி கெடச்சிச்சு."

வலம்புரிச் சங்கு என்பது லட்சத்தில் ஒன்று என்பார்கள். ஒரு குளிகாரன் ஆயுள் முழுக்க மூழ்கினாலும் கண்ணில் படாமல் போகலாம். அது கிடைத்த அன்று உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் வைத்திருப்பவனைப் பார்த்திருக்கிறேன். இவன் பெல்ட்டை வைத்திருந்தான். நான் கெஞ்சினேன், திட்டினேன், அந்தோணியார்மேல் ஆணை வைத்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இவனுக்கு இப்படி இன்னொரு கிறுக்கும் இருந்தது. ஓஸில் எண்ணெய் வாடை வருகிறதென்று வடிகட்டிப் பஞ்சில் நீலகிரித் தைலம் விடுவான். "நல்ல காத்துக்கு மணமே இருக்கக் கூடாதுல. இஞ்சின் புகை உள்ள வந்தா தைல வாசத்துல உனக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தி அந்தப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தேன். தைலத்தை விட்டுக்கொடுத்தான். பெல்ட்டை விடவில்லை.

விஷயம் சலேத் காதுக்குப் போனது. மறுநாள் விடிந்ததும் பட்டறைக்கு வந்துவிட்டாள். "பெல்ட்ட மாத்த மாட்டாரு. எனக்குத் தெரியும். அந்தச் சக்கரத்தக் கொண்டாங்க. நீங்களும் கூடப் போங்க."

"எனக்கு நீச்சல் தெரியாது தாயி!"

"நீச்சல் தெரிஞ்சவங்க ரெண்டு பேரு வள்ளத்துல இருக்காங்க. காத்து தெரிஞ்சவங்க யாரு இருக்கா?"

அப்படித்தான் நானும் சக்கரமும் கடலுக்குப் போனோம்.

டங், தொப்

கரை மறையும் முன்பே நான் வாந்தி எடுத்துவிட்டேன். லூர்து ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தான். கஸ்பார் இறங்கினான். குமிழிகள் மேலே வந்து உடைந்தன. கம்ப்ரசர் சீராக ஓடியது. பழத்தை முகர்ந்துகொண்டே அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. சங்குப் பை இரண்டு முறை நிறைந்து மேலே வந்தது. சும்மா பயந்துவிட்டோமே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் படீர் என்றது.

அறுந்த பெல்ட் என் காதை உரசிக்கொண்டு பறந்து பலகையில் விழுந்தது. இஞ்சின் ஓடியது, கம்ப்ரசர் நின்றுவிட்டது. புது பெல்ட் இருந்த பையோ பட்டறையிலேயே கிடந்தது. தொட்டியில் இருக்கும் காற்று கொஞ்ச நேரம் தாங்கும் என்று நினைத்து முள்ளைப் பார்த்தேன். முள் கண்ணெதிரே சரிந்துகொண்டிருந்தது. தொட்டிக் காற்றைத் திரும்பிப் போகவிடாமல் தடுக்கிற வால்வும் அந்த நேரம் பார்த்துக் கைவிட்டுவிட்டது. அடைத்த காற்றெல்லாம் வந்த வழியே கம்ப்ரசருக்குள் திரும்பிச் சீறி வெளியேறியது.

லூர்து கையிலிருந்த கயிறு படபடவென்று வெட்டியது. கீழே காற்று இல்லை.

மேலே பாய்ந்து வந்துவிடத்தான் எந்த மனிதனுக்கும் தோன்றும். வந்தால் எதிர்வீட்டுக் கட்டில். அல்லது அதுகூட இல்லை.

லூர்து கயிற்றைச் சின்னதாக இரண்டு முறை இழுத்தான். அசையாதே, இரு.

"சக்கரம், அண்ணாச்சி!" என்றான். அன்று அவன் முதல் முதலாகப் பேசியது அதுதான்.

தொட்டியிலிருந்து ஓஸைக் கழற்ற வேண்டும். என் துண்டு ஓஸில் மாட்ட வேண்டும். அதை டயர் வால்வில் கவ்வ வேண்டும். பட்டறையில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அங்கே வள்ளம் ஆடிய ஆட்டத்தில் கவ்வி வால்வில் உட்கார மாட்டேன் என்றது. சீ என்று காற்று வெளியே அடித்தது. "முருகா, திருச்செந்தூர் முருகா, அவன் கையைப் பிடிச்சுக்கோ" என்று வாய் புலம்பியது. மறுபடி அமுக்கினேன். கவ்வியது. ஓஸ் ஒருமுறை துள்ளி விறைத்தது.

கடலைப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. தண்ணீர் சும்மா கிடந்தது.

பிறகு ஒரு குமிழி வந்து உடைந்தது. அடுத்து ஒரு கொத்து. லூர்து கண்ணை மூடித் திறந்தான். கயிற்றை நீளமாக இழுத்தான்.

கஸ்பார் மெதுவாக ஏறி, வள்ளத்துக்குக் கீழே வழக்கமான இடத்தில் நின்றான். குனிந்து பார்த்தால் நிழலாகத் தெரிந்தான். லூர்து ஜெபமாலையை எடுத்தான். நான் ஸ்பேனரை எடுத்து டயரைத் தட்டினேன். காலையில் கேட்ட டங் இல்லை. கொஞ்சம் மங்கியிருந்தது.

லூர்து சொல்லிக்கொண்டே போனான். அருள் நிறைந்த மரியே, அருள் நிறைந்த மரியே. நான் தட்டிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் சத்தம் இறங்கியது. ஆழம் குறைந்த இடத்தில் மூச்சுக்குக் காற்று குறைவாகத்தான் செலவாகும், எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஜெபமாலை பாதியில் இருக்கிறது, டயர் முக்கால் வழி இறங்கிவிட்டது.

"ஏலே லூர்து, வேகமாச் சொல்லுல!" என்று கத்தினேன்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "நான் வேகமாச் சொன்னா நேரம் வேகமாப் போவுமா அண்ணாச்சி?" என்றுவிட்டு, விட்ட இடத்திலிருந்து நிதானமாகத் தொடர்ந்தான்.

ஜெபமாலையின் கடைசிப் பத்து மணிகளுக்கு வந்தபோது டயர் தொப்பென்றது. தட்டுவதை நிறுத்திவிட்டேன். அதற்குமேல் கேட்கத் தைரியம் இல்லை. லூர்துவோடு சேர்ந்து நானும் அந்த ஜெபத்தைச் சொன்னேன். பாதி வார்த்தை தெரியாது. தெரியாத இடத்தில் முருகா போட்டுக்கொண்டேன். மாதாவுக்கும் முருகனுக்கும் அதில் ஆட்சேபம் இருந்திருக்காது.

கடைசி மணி உருண்டது. நீளமாக ஓர் இழுப்பு. கஸ்பாரின் தலை தண்ணீரைப் பிளந்து வந்தது. வாயிலிருந்த ரப்பரைத் துப்பினான். இருமினான், காறினான். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"என்ன நாத்தம் அண்ணாச்சி! லாரி டயர நக்குன மாதிரி இருக்கு."

"நாறுதா? நல்லா நாறட்டும்ல!" என்று சொல்லி அவன் தலையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

படித்துவிட்டு யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். டயருக்குள் இருப்பது பட்டறைக் காற்று, எண்ணெய் கலந்தது, மனிதன் சுவாசிக்க அடைத்ததல்ல. அன்றைக்கு வேறு வழி இல்லை, அவ்வளவுதான். இப்போது கஸ்பார் வள்ளத்தில் சுத்தமான காற்று அடைத்த தனி சிலிண்டர் ஒன்று இருக்கிறது. புது பெல்ட்டும் இருக்கிறது.

கரையில்

திரும்பும் வழியில் கஸ்பார் பலகையில் படுத்திருந்தான். அறுந்த பெல்ட்டைக் கையில் சுருட்டி வைத்திருந்தான். "ஏன்ல மேல பாயாம இருந்த?" என்று கேட்டேன்.

"ரெட்ட இழுப்பு வந்திச்சுல்லா" என்றான். "மச்சான் இருன்னு சொன்னா இருக்கணும்." பிறகு பெல்ட்டைத் தடவிக்கொண்டே, "ராசியான பெல்ட்டுதான் அண்ணாச்சி. சக்கரம் வள்ளத்துல இருக்க அன்னைக்குப் பாத்துதான அறுந்திருக்கு" என்றான். இவனை என்ன செய்ய?

வள்ளம் சீக்கிரமே திரும்பி வருவதைப் பார்த்துச் சலேத் தண்ணீர் ஓரத்துக்கே வந்துவிட்டாள். எங்கள் முகத்தைப் பார்த்தாள். கஸ்பார் கையிலிருந்த பெல்ட்டைப் பார்த்தாள்.

"எறங்கி நடங்க" என்றாள் புருசனிடம்.

கஸ்பார் இறங்கி நடந்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈர மணலில் இடது தடம், வலது தடம், மறுபடி இடது. "இன்னும் நடங்க" என்றாள். வலை காய்கிற இடம் வரை போய்த் திரும்பி வந்தான். காலையில் சிரித்தவர்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டு அவன் நடப்பதையே பார்த்தார்கள்.

நானும் லூர்துவும் சக்கரத்தை இறக்கி மணலில் கிடத்தினோம். சலேத் வந்து என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கித் தட்டினாள்.

தொப்.

இன்னொரு முறை தட்டினாள். தொப். பட்டறையில் கேட்ட டங் அவளுக்கு நினைவிருந்தது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"முழுசையும் குடிச்சிட்டாரா அண்ணாச்சி?"

"இல்ல தாயி. கொஞ்சம் மிச்சம் இருக்கு."

"எங்க?"

வால்வின் ஊசியை நகத்தால் அமுக்கினேன். மெல்ல உஸ் என்றது. அவள் உள்ளங்கையை அதற்கு நேரே நீட்டினாள். கஸ்பார் அவள் பின்னால் வந்து நின்றான். ஈரம் சொட்டச் சொட்ட அவனும் குனிந்து பார்த்தான். காற்று அவள் கையில் பட்டு, தேய்ந்து, நின்றுவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான்" என்றேன்.

விரல்களை மூடிக்கொண்டு எழுந்தாள். அந்த மூடின கையாலேயே கஸ்பாரின் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.